பொட்டு வைத்த பெட்டி

செப்டம்பர் 11, வியாழன்

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. கரண்டு 9.10க்குப் போய் 11க்கு வந்தது. நோட்டீஸில் போட்டிருப்பது 10 முதல் 12. பிறகு எதற்கு நோட்டீஸ்?

பெட்டி மறுபடியும் தானாக எழுந்துவிட்டது. இந்த வாரத்தில் நாலாவது தடவை. நான் அடுப்படியில். யாரும் தொடவில்லை. பீப் என்று ஒரு சத்தம், பிறகு விசிறி இரைச்சல். கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் கரண்டு மறுபடி போய், ஓடிக்கொண்டிருந்தது பட்டென்று விழுந்தது.

பாபுவுக்கு போன். பஜாரில் கம்ப்யூட்டர் கடை; பெட்டியைக் கட்டிக்கொடுத்தவன். "அது அப்பிடித்தாங்கா. கரண்டு வந்தா எழுந்துக்கும். நல்லதுதானக்கா?" என்கிறான். நல்லதாம்!

போனில் பேசினால் கோபத்தில் பாதி மறந்துபோகிறது. நேரில் வரும்போது படித்துக் காட்ட இங்கே எழுதிவைக்கிறேன்.

1. பெட்டி = ஹாலில் பீரோவுக்கும் சாமி அலமாரிக்கும் நடுவில் இருக்கும் பழைய கம்ப்யூட்டர். மானிட்டர் இல்லை, கீபோர்டு இல்லை. என் சேலை டிசைன் எல்லாம் அதற்குள். பாபு பாஷையில் சர்வர். நான் வேலை செய்யும் கம்ப்யூட்டரில் இடம் நிறைந்துவிட்டதால்தான் இதை வாங்கினோம்.
2. கரண்டு போனால் யு.பி.எஸ். கத்தும். நாலு நிமிஷம் தாங்கும். அதற்குள் ஓடிவந்து பெட்டியின் பட்டனை ஒருமுறை அழுத்துவேன். ஒழுங்காக மூடிக்கொள்ளும். இதுவரை சரி.
3. கரண்டு வந்ததும் யு.பி.எஸ். உயிர் பெறும். கூடவே பெட்டியும். யார் கேட்டது?
4. வந்த கரண்டு நிற்பதில்லை. பத்து நிமிஷத்தில் போகும், வரும், போகும். யு.பி.எஸ்.ஸில் அதற்குள் சார்ஜ் ஏறியிருக்காது. பெட்டி ஓடும்போதே விழும்.
5. விழுகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே டிஸ்க் அடி வாங்குகிறது. இதைச் சொன்னவனே பாபுதான்.

நானூற்றுப் பன்னிரண்டு டிசைன். ஒன்பது வருஷ வேலை. வேறு எங்கும் நகல் இல்லை. சி.டி. எழுதும் டிரைவ் ஜூனில் கெட்டுப்போனது. மாற்றித் தருகிறேன் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவனும் பாபுதான்.

கேஸ் புக் செய்ய வேண்டும்.

செப்டம்பர் 12, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது. கேஸ் புக் செய்தாயிற்று.

களம்பூரிலிருந்து ரைஸ் மில்காரர் வீட்டுப் பெண் வந்தாள், அம்மாவோடு. தை மாதம் கல்யாணம். முகூர்த்தச் சேலை நம் தறியில். அன்னம் காட்டினேன், மாங்காய் காட்டினேன், ருத்திராட்சம் காட்டினேன். எல்லாவற்றையும் மரியாதைக்குப் பார்த்தாள். கடைசியில் மெதுவாக, "பார்டருல நெல்லு கதிரு போட முடியுங்களா? சின்ன புள்ளையில இருந்து எங்க மில்லுல அதையேதான் பாத்துகினு கீறேன்" என்றாள். அவள் அம்மா, "கல்யாணப் பொடவையில இன்னாடி நெல்லு" என்று அதட்டினாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது. முடியும் என்றேன்.

ஒரு கதிரில் எத்தனை மணி? ஒவ்வொரு மணிக்கும் மூக்கு வேண்டும். மூக்கு இல்லாவிட்டால் மல்லிகை மொட்டு மாதிரி இருக்கும். மூன்று வாரமாவது ஆகும். விஜயதசமி அன்று டிசைனைத் தறிக்கான துளையட்டையாகக் குத்த, அட்டை அடிக்கக் கொடுத்தால் தீபாவளி முடிந்ததும் தறியில் ஏற்றலாம்.

இவரிடம் பெட்டி விஷயம் சொன்னேன். பின்கட்டில் நாலு தறி ஓடுகிற சத்தத்தில் அரைகுறையாகக் கேட்டார். "எங்களுக்கு கரண்டு போனாலும் தறி ஓடுது. உன் ஒருத்திக்குத்தான் பேஜாரு." சொல்லிவிட்டுச் சிரிப்பு வேறு. அந்தத் தறியில் ஓடுகிற டிசைன் எங்கிருந்து வருகிறது என்று கேட்க நினைத்தேன். டீ டம்ளரை மட்டும் நங்கென்று வைத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

பாபு 10க்கு வருகிறேன் என்றான். 12.20க்கு வந்தான். "ஜல்தியா முடிச்சிரலாங்கா."

ஜல்தியாக அவன் செய்தவை:

நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கினான். கேபிள் வழியாகப் பெட்டியை எழுப்பும் வசதி இருக்கிறதாம், அதுதான் எழுப்புகிறதாம். மெயினை அணைத்துப் போட்டுப் பார்த்தோம். எழுந்தது.

பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும் என்றான். பட்டனின் வயரைக் கழற்றினான். மெயினை அணைத்துப் போட்டோம். எழுந்தது.

எர்த் சரியில்லை என்றான். எர்த்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றேன். "எல்லாத்துக்கும் சம்பந்தம் கீதுக்கா."

யு.பி.எஸ். புதுசு மாற்றலாம் என்றான். அங்கேதான் வருவான் என்று எனக்கு முதலிலேயே தெரியும்.

வேண்டாம் என்றதும், "அப்ப ஒவ்வொரு வாட்டியும் வயரை புடுங்கி வெச்சிருங்கக்கா. சிம்பிள்."

சிம்பிள். பிளக் பீரோவுக்குப் பின்னால். கை நுழையும் இடம் நாலு விரல் அகலம். பிடுங்கும்போது ஒருமுறை, சொருகும்போது ஒருமுறை விரல் முட்டி தேய்கிறது. நான் கடைக்கோ அட்டை அடிக்கிற இடத்துக்கோ போயிருக்கும்போது யார் பிடுங்குவது?

போகும்போது அத்தையிடம் காபி வாங்கிக் குடித்துவிட்டுப் போனான். மாமியார்களிடம் மட்டும் நன்றாகப் பேசுவான். "உங்க மருமவ ரொம்ப கோவக்காரங்க." அத்தை: "அத நீ வேற சொல்லணுமா?"

செப்டம்பர் 18, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!! நானே.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டு அவரவர் இடத்துக்குப் போன பிறகு என் மானிட்டரையும் கீபோர்டையும் கழற்றிக் கொண்டுபோய்ப் பெட்டியில் மாட்டினேன். அது எழும்போது திரையின் அடியில் ஒரு வரி வந்து ஓடுகிறது: டெலீட் அழுத்தினால் செட்டப். அழுத்தினேன். நீலத் திரை. ஒவ்வொரு பக்கமாகப் போய்ப் பார்த்தேன், ஒவ்வொரு வரியாக, கிராஃபில் கட்டம் எண்ணுகிற மாதிரி. பவர் என்ற பக்கத்தில், கீழே, கடைசிக்கு முந்தைய வரி. கரண்டு போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டு மூன்று பதில் வைத்திருக்கிறார்கள். ஆன். ஆஃப். முன்பு இருந்த நிலை.

ஆன் என்று இருந்தது.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். ஆஃப் என்று மாற்றி, சேமித்து வெளியே வந்தேன். மெயினை அணைத்தேன், போட்டேன். யு.பி.எஸ். கத்தியது. பெட்டி சும்மா இருந்தது. இன்னொரு முறை. சும்மா இருந்தது. மூன்றாவது முறை அணைத்தபோது பின்கட்டிலிருந்து இவர், "இன்னா சுமதி, மெயினோட வெளயாடிகினு கீறியா?" என்று கத்தினார்.

பாபுவுக்கு போன் செய்து சொன்னேன். "ஆமாங்கா, பயாஸ்ல கீதுக்கா அது." நீலத் திரையின் பேர் அதுவாம். தெரியுமாம். தெரிந்துகொண்டே எர்த் என்றானா?

நெற்கதிர்: முதல் கதிர் முடிந்தது. மணிகளுக்கு மூக்கு வந்துவிட்டது.

செப்டம்பர் 24, புதன்

மறுபடி எழுந்துவிட்டது.

ஆறு நாள் பயமில்லாமல் இருந்தேன். இன்று கரண்டு வந்ததும் பீப். என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி.

நீலத் திரையில் போய்ப் பார்த்தால் அதே வரியில் ஆன். நான் மாற்றவில்லை. இவரிடம் கேட்டேன். "அது பக்கமே நான் வரல." அத்தையிடம் கேட்டேன். "எனக்கு டிவி போடவே நீதான் வரணும்." சந்தேகப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. ஆனால் யாரிடமாவது கோபப்படாமல் இருக்க முடியவில்லை.

சாயங்காலம் ஒன்று கவனித்தேன். இன்று சேமித்த நெற்கதிர் ஃபைலில் தேதி ஜனவரி 1, 2002. ஆறு வருஷம் பின்னால் போயிருக்கிறது பெட்டி. தேதியை மறந்த பெட்டிதான் நான் சொன்னதையும் மறந்திருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் வைத்திருக்கும் ஞாபகமாக இருக்க வேண்டும்.

செருப்பு வார் அறுந்தது. தைக்கக் கொடுக்க வேண்டும்.

செப்டம்பர் 26, வெள்ளி

பாபு. தேதியைக் காட்டினேன். இந்த முறை உடனே ஒப்புக்கொண்டான். உள்ளே ஒரு சின்ன பேட்டரி, எட்டணாக் காசு மாதிரி, பளபளவென்று. கரண்டு இல்லாதபோது தேதியையும் செட்டிங்கையும் காப்பாற்றுவது அதுதான். செத்துப்போயிருக்கிறது. புதுசு போட்டான், தேதி வைத்தான், ஆஃப் வைத்தான். "இனிமே நாலு வருஷத்துக்கு தொட வேணாங்கா. இத கழட்டினாத்தான் மறக்கும்."

சி.டி. டிரைவ் கேட்டேன். அடுத்த வாரமாம்.

பேசாமல் ஒரு பென் டிரைவ் வாங்கிவிடலாமா என்று இவரிடம் கேட்டேன். "தீபாவளி போவட்டும். இப்பத்தான் சரியாயிடுச்சே."

சரி என்றுவிட்டேன். சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன்.

அக்டோபர் 6, திங்கள்

பத்து நாளாகப் பெட்டி சொன்ன பேச்சு கேட்கிறது. கரண்டு ஒரு நாளைக்கு எட்டு முறை போகிறது, வருகிறது. அசைவதில்லை. பிளக்கைப் பிடுங்குவதையே விட்டுவிட்டேன். விரல் முட்டி ஆறிவிட்டது.

நெற்கதிர் முடிந்தது. பார்டர் முழுக்கக் கதிர் சாய்ந்து வருகிறது. முந்தியில் கட்டுக் கட்டாக. திரையில் சின்னதாக்கிப் பார்த்தபோது காற்றில் அசைகிற மாதிரி இருந்தது. ஒன்பது வருஷத்தில் எனக்கே பிடித்த டிசைன் நாலைந்துதான். இது அதில் ஒன்று. பெட்டியில் சேமித்துவிட்டேன். விஜயதசமி அன்று அட்டை அடிக்கப் போகிறது.

ஆயுத பூஜைக்கு வாங்க: பொரி, உடைத்த கடலை, வெல்லம், பூசணிக்காய், எலுமிச்சை 9, சந்தனம், வாழைக்கன்று 2, வெண்டைக்காய், கத்தரிக்காய். சந்தவாசலிலிருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. ஐந்து பேர். வீட்டில் மூன்று பேர், தறிக்காரர்கள் நாலு பேர் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு இலை.

அக்டோபர் 7, செவ்வாய்

வீடு கழுவி முதுகு போய்விட்டது. தறி நாலும் துடைத்தாயிற்று. தறியில் ஊடுநூல் ஓட்டுகிற நாடா எல்லாம் கழுவிச் சாமி முன்னால் வரிசையாக. அத்தை அரிவாள்மனை, ஆட்டுக்கல், கத்தரிக்கோல் வரை எடுத்து வைத்துவிட்டார்.

மார்க்கெட்டிலிருந்து வந்தால் ஒரு ஆச்சரியம். இவர் என் பெட்டியையும் துடைத்து வைத்திருக்கிறார்! தூசி இல்லை, ஒட்டடை இல்லை. முகத்தில் மூன்று சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். "இதுவும் தொழில் சாமான்தான?" என்றார்.

ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. தறி தொழில், நான் செய்வது கம்ப்யூட்டர் என்றுதான் இதுவரை. கொஞ்சம் கண் கலங்கிவிட்டது. வெங்காயம் என்று சொல்லிக்கொண்டேன்.

சுவிட்ச் போர்டு, யு.பி.எஸ்., மெயின் பாக்ஸ், பிளக் எல்லாவற்றுக்கும் பொட்டு. மனுஷன் சந்தனக் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றியிருக்கிறார்.

அக்டோபர் 8, புதன். ஆயுத பூஜை

கோபம் இன்னும் அடங்கவில்லை. ஒழுங்காக எழுத வேண்டும், நடந்தபடி.

7.30 பூஜை. நன்றாக நடந்தது. பூசணிக்காய் உடைத்தார். இனி நாளைக் காலை மறுபூஜை வரை பொட்டு வைத்த எதையும் தொடக்கூடாது. இது எனக்கும் தெரியும். என் அம்மா வீட்டிலும் இப்படித்தான்.

9.05 கரண்டு போனது.

9.50 வந்தது. பீப்.

நம்பவே முடியவில்லை. ஆஃப் என்று வைத்தது. பேட்டரி புதுசு. பொட்டும் குங்குமமுமாகப் பெட்டி இரைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறது. பட்டனை அழுத்தக் கை நீட்டினேன். அத்தை, "ஏ சுமதி! தொடாத! இன்னிக்கி தொடக்கூடாது!" கை நின்றுவிட்டது.

இவரைக் கூப்பிட்டேன். நேற்று என்னென்ன துடைத்தீர்கள் என்று கேட்டேன். பெருமையாகச் சொன்னார். "வயர புடுங்கி, மூடிய கழட்டி, உள்ள எல்லாம் பிரஷ் போட்டேன். காசு மாதிரி ஒன்னு இருந்துச்சு. அதையும் கழட்டி விபூதி போட்டு தேய்ச்சு பளபளன்னு வெச்சேன்."

விபூதி போட்டு.

"அப்பால வயர சொருகினதும் தானா எழுந்துச்சு. அமுக்கி அணைச்சிட்டேன். நல்லா வேலை செய்யுது."

தானாக எழுந்ததைப் பார்த்திருக்கிறார்! ஒரு மாதமாக இந்த வீட்டில் நான் எதைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறேன் என்று இந்த மனுஷனுக்குத் தெரியவே தெரியாது. ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. செத்த பேட்டரி ஆறு நாளில் மறந்தது. இவர் ஒரு நிமிஷத்தில் மறக்க வைத்துவிட்டார். அதுவும் அன்பாக. அடிக்கக்கூட முடியாது.

10.05 போனது. ஓடிக்கொண்டிருந்த பெட்டி பட்டென்று. ஒன்று.

10.20 வந்தது. பீப். 10.32 போனது. இரண்டு.

10.40 பீப். 10.55 போனது. மூன்றாவதில் எண்ணுவது எனக்கே அசிங்கமாக இருந்தது. பிளக் பீரோவுக்குப் பின்னால், நாலு விரல் தூரம். பிடுங்கியிருக்கலாம். ஏன் பிடுங்கவில்லை? இதைப் பொய் இல்லாமல் எழுதுகிறேன்: பயம். சாமிக்குப் பாதி. பொட்டு வைத்ததைத் தொட்ட பிறகு இந்த வருஷம் யாருக்காவது காய்ச்சல் வந்தால், தறியில் நூல் அறுந்தால், எல்லாவற்றுக்கும் என்னைக் காட்டுவார்களே என்ற பயம் மீதிப் பாதி.

மெயினை அணைக்கச் சொன்னேன் இவரிடம். "அதுக்கும் பொட்டு வெச்சிட்டேனே." நாத்தனார் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டே, "ஒரு நாள்ல இன்னா ஆவப்போவுது?" என்றார்.

நெற்கதிர் உள்ளே இருக்கிறது என்றேன். யாருக்கும் புரியவில்லை. களம்பூர்க் கல்யாணச் சேலை உள்ளே இருக்கிறது என்றேன். இவர் முகம் கொஞ்சம் மாறியது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. "சாமி பாத்துக்கும்."

11.25 நாலாவது தடவை எழுந்தபோது சத்தம் வேறு மாதிரி. டக். டக். டக். சுவரில் யாரோ நகத்தால் தட்டுகிற மாதிரி. டிஸ்க் சாகும்போது வரும் சத்தம் அது. ஒருமுறை பாபு கடையில் கேட்டிருக்கிறேன்.

எனக்குச் சமையல் பாதியில். பன்னிரண்டு இலை. தறிக்கு லீவு, நாடாவுக்கு லீவு, கத்தரிக்கோலுக்கு லீவு. நெற்றியில் பொட்டு வைத்தும் லீவு இல்லாத ஒரே கருவி இந்த வீட்டில் நான்தான்.

அப்போதுதான் அது நடந்தது. வெண்டைக்காய் போதவில்லை. பொரியலுக்கு இன்னும் கால் கிலோ அரிய வேண்டும். அத்தை சாமி அலமாரிக்குப் போனார். வரிசையில் இருந்த அரிவாள்மனையை எடுத்தார். கன்னத்தில் ரெண்டு போட்டுக்கொண்டார். சந்தனப் பொட்டோடு அதைத் தரையில் வைத்து, காலை மடக்கி உட்கார்ந்து, வெண்டைக்காயை எடுத்தார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அத்த, அதுக்கு பொட்டு வெச்சி கீதே."

"சாப்பாட்டுக்கு இன்னா பண்றது? பன்னண்டு பேரு கீறாங்க. சாமி ஒன்னும் சொல்லாது."

"வெண்டைக்கா அரிஞ்சா சாமி ஒன்னும் சொல்லாது. நான் வயர புடுங்கினா சொல்லுமா?"

வீடே கேட்கிற மாதிரிதான் கத்தினேன். நாத்தனார் குடும்பம், இவர், பின்கட்டில் விபூதி வாங்க வந்த தறிக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டக் டக் என்று அது அடித்துக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினேன். விசிறி நின்றது. பீரோவுக்குப் பின்னால் கையை விட்டுப் பிளக்கைப் பிடுங்கினேன். முட்டி மறுபடி தேய்ந்தது. சந்தனமும் ரத்தமும் விரலில்.

அத்தை கையில் பாதி அரிந்த வெண்டைக்காய். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு மீதியை அரிந்தார்.

இலை போட்டேன். பரிமாறினேன். இவர் இரண்டாம் முறை ரசம் கேட்டார். ஊற்றினேன். நான் சாப்பிடவில்லை.

அக்டோபர் 9, வியாழன். விஜயதசமி

வெயில். 6.30 மறுபூஜை. கற்பூரம் காட்டியதும் தறிக்காரர்கள் நாடாவை எடுத்து நாலு இழை ஓட்டினார்கள். எல்லோரும் நல்ல நாளில் தொழில் தொடங்கினார்கள். நான் பெட்டியைத் தொடவில்லை. பாபு வரட்டும் என்று.

10.30 பாபு வந்தான், நெற்றி நிறைய விபூதியோடு. பேட்டரியைக் கழற்றிப் பார்த்தான். தலைகீழாக இருந்தது. உள்ளே விபூதித் தூள். என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். சிரிக்கவில்லை. பிழைத்தான்.

டிஸ்க்கைக் கழற்றி, கூடவே கொண்டுவந்திருந்த தன் மெஷினில் மாட்டினான். டக் டக். நின்றது. மறுபடி டக். பிறகு படிக்க ஆரம்பித்தது. "ஜல்தியா எடுத்துரணுங்கா. எந்நேரமும் போயிடும்." ஃபைல்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. இரண்டு மணி நேரம் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பாத்ரூம்கூடப் போகவில்லை.

வந்தது முன்னூற்றுத் தொண்ணூற்றேழு. வராதது பதினாறு.

பதினாறும் கடைசியாக எழுதியவை. நெற்கதிர் இல்லை. பார்டரும் இல்லை, முந்தியும் இல்லை. பாபு மூன்று முறை முயன்றான். பேர் இருக்கிறது, திறந்தால் வெறுமை. அதற்குப் பிறகு டிஸ்க் சுழலவே இல்லை.

இவர் வந்து எட்டிப் பார்த்தார். "எத்தினி போச்சு?"

"பதினாறு."

"பதினாறுதான? நானூறுல பதினாறு. சாமிதான் காப்பாத்திச்சு."

கோபம் தலைக்கேறியது. சாமியா? அப்படியானால் அந்தப் பதினாறை ஏன் விட்டது என்று கேட்டேன். நெல்லின் மேல் சாமிக்கு என்ன வருத்தம்? நேற்று பீரோவுக்குப் பின்னால் கையை விட்டது சாமியா? இந்த முட்டியில் இருப்பது சாமி ரத்தமா? பாபு பையை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்துவிட்டான். இவர், "இல்ல, நான் இன்னா சொல்ல வர்றேன்னா..." என்றார். நீங்கள் எதுவும் சொல்ல வர வேண்டாம், போய்ப் பென் டிரைவ் வாங்கிக்கொண்டு வாருங்கள், இப்போதே, ஒன்றல்ல, இரண்டு என்றேன்.

போனார். சட்டைகூட மாற்றவில்லை.

என் மேலும் கோபம்தான். மூன்று தடவை விழும்வரை எண்ணிக்கொண்டு நின்றவள் நான். முதல் தடவையே பிடுங்கியிருந்தால் நெல் இருந்திருக்கும். செப்டம்பர் 26 அன்று பென் டிரைவுக்கு "சரி" என்று தலையாட்டியவளும் நான்தான்.

12.40. களம்பூர்ப் பெண்ணின் அம்மா போன். அட்டை அடிக்கக் கொடுத்தாயிற்றா என்று. கொடுத்துவிடுவேன் என்றேன். பக்கத்தில் அந்தப் பெண் குரல்: "கதிரு நல்லா வந்துச்சான்னு கேளும்மா." வந்தது என்றேன். பொய் இல்லை.

புது கிராஃப் தாளை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். கையால் முதலில். முதல் கதிர், முதல் மணி, மூக்கு. கை ஞாபகம் வைத்திருக்கிறது, ஆனால் பழைய சாய்வு வரவில்லை. அழித்துப் போட்டேன். மறுபடி அழித்தேன்.

1.15. இவர் வந்துவிட்டார். பென் டிரைவ் இரண்டு. மேஜை ஓரத்தில் மெதுவாக வைத்தார். அடுப்படியை எட்டிப் பார்த்தார். அடுப்பு பற்ற வைக்கவே இல்லை. என் பின்னால் வந்து நின்றார். நான் திரும்பவில்லை.

"சுமதி, சாப்பாடு..."

அடுப்படியிலிருந்து அத்தை குரல். "அவள கூப்புடாத. வேலையா கீறா. நீ வா, வந்து இந்த வெங்காயத்த உரி."

பிறகு அரிவாள்மனை தரையில் உட்காரும் சத்தம். இவர் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

2.05. நாலாவது கதிர். சாய்வு பிடிபடுகிறது. நான் வேலை செய்யும் கம்ப்யூட்டரைப் போட்டு ஏற்ற ஆரம்பித்தேன்.

2.20. கரண்டு போய்விட்டது. யு.பி.எஸ். கத்துகிறது. சேமித்தேன். பென் டிரைவில் ஒன்று, இன்னொன்றில் ஒன்று. ஷட் டவுன். பிளக்கையும் பிடுங்கிவிட்டேன். இடது கையில் பிளக், வலது கையில் பேனா. கரண்டு வரட்டும், பார்க்கலாம்.